ஓடுனது ரேடியோ, விரட்டுனது ஆளை

டிஸ்கி: இது ஹாம் ரேடியோ பத்தின பதிவு. டெக்னிக்கலா ஆரம்பிச்சு வம்புல போய் நிக்கும். ரேடியோ தெரியாதவங்களும் படிக்கலாம், சூத்திரம் எதுவும் இல்ல. உத்தமபாளையத்துல ஆடிக்காத்து ஜன்னலைப் பேத்துக்கிட்டு இருக்கு, கரண்ட் போய்ப்போய் வருது. அவசரத்துல தட்டினது, எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

எங்க தாத்தாகிட்ட ஒரு பழைய வால்வு ரேடியோ இருந்துச்சாம். நான் பார்த்ததில்லை, கதைதான் கேட்டிருக்கேன். சாயங்காலம் சிற்றலையில இலங்கை வானொலி வைப்பாராம். முதல் பாட்டு நல்லா வரும். ரெண்டாவது பாட்டுல கரகரன்னு ஆகும். தாத்தா எந்திரிச்சுப் போய் குமிழை ஒரு நூல் அளவு திருப்புவார். மறுபடி பாட்டு. அரை மணி நேரம் கழிச்சு ரேடியோ நல்லா சூடானதுக்கு அப்புறம் தொந்தரவு இருக்காதாம். "ரேடியோ ஓடுது"ன்னு தாத்தா சொல்வாராம். கொழும்பு நின்ன இடத்துலதான் நின்னுச்சு, எங்க வீட்டு ரேடியோதான் ஓடுச்சு. இதுக்காக தாத்தாவை யாரும் "நீ இனிமே பாட்டே கேக்காத"ன்னு சொன்னதில்லை.

இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

எங்க ஊர்ல ஒரு அண்ணன் இருக்கார். டிவி மெக்கானிக். பேர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. பத்தாவதுக்கு மேல படிக்கல. டிவி ரிப்பேர் தொழில் படுத்ததுக்கு அப்புறம் ஹோம் தியேட்டர், இன்வெர்ட்டர், தோட்டத்து மோட்டார் ஸ்டார்ட்டர்னு கைக்கு வந்ததெல்லாம் பார்க்குறார். நாப்பது வயசுக்கு மேல இங்கிலீஷ்ல இருந்த கேள்வித்தாளைப் புரிஞ்சுக்க என்கிட்டயே வந்து உட்கார்ந்து படிச்சு, மத்திய அரசு நடத்துற அமெச்சூர் ரேடியோ ஆபரேட்டர் பரீட்சை எழுதி பாஸ் பண்ணி, லைசென்ஸ் வாங்கினார். நான் அதுக்கு முன்னாடியே லைசென்ஸ் வாங்கினவன். இஞ்சினியரிங் படிச்சு, பொட்டி தட்டி, முதல் வருஷ போனஸ்ல ஒரு ஜப்பான் ரேடியோ வாங்கி மேசையில வச்சவன். எங்க ரெண்டு பேருல யார் ஹாம்னு கேட்டா, சத்தியமா அவர்தான். நான் வாங்கினேன், அவர் கட்டினார்.

அவர் கட்டினது பிட்எக்ஸ். தெரியாதவங்களுக்கு: ஹைதராபாத்துல இருக்குற அஷ்ஹர் ஃபர்ஹான் 2003-ல வெளியிட்ட டிசைன். நம்ம ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடையில கிடைக்கிற சாமானை வச்சே ஒரு முழு டிரான்ஸ்சீவரை, அதாவது பேசவும் கேக்கவும் செய்யுற ரேடியோவைக் கட்டணும்ங்கிறதுதான் அதோட நோக்கம். உள்ளே இருக்குறதுல பாதி பிசி547, பெட்டிக்கடை கணக்கா எங்கேயும் கிடைக்கிற டிரான்சிஸ்டர். ஆறு வாட் பவர் வரும். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச சமாச்சாரம், காயில் சுத்துறதுக்கு அவர் சொன்னது குழாய்க்குப் போடுற பிளாஸ்டிக் வாஷர். ஹார்டுவேர் கடையில சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது. வெளிநாட்டுலேர்ந்து டொராய்டு வரவழைக்க வழியில்லாத பசங்களுக்காக யோசிச்ச மனுஷன். அந்த டிசைனை உலகம் பூரா கட்டினாங்க. ஃபர்ஹான் அதைப் பூட்டி வைக்கல, யார் வேணா எடுத்துக்கட்டும்னு விட்டுட்டார்.

அண்ணன் அதை 7 மெகாஹெர்ட்ஸுக்கு மாத்திக் கட்டினார். நாலு மாசம். வாஷர் வாங்கப் போன கடையில "எத்தனை குழாய் ஒழுகுது?"ன்னு கேட்டாங்களாம் :-)

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில முதல் தடவையா 7 மெகாஹெர்ட்ஸ்ல நடக்குற ஒரு கூட்டத்துல கூப்பிட்டார். ஹாம்கள் தினமும் ஒரே நேரத்துல ஒரே அலைவரிசையில கூடிப் பேசுறதை 'நெட்'னு சொல்வாங்க. எந்த நெட்டு, யாரு நடத்துனதுங்கிறதெல்லாம் இங்க வேண்டாம். நான் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். அண்ணனுக்குக் கை நடுங்குச்சு. கூப்பிட்டார், பதில் வந்துச்சு. ஆறு வாட்டு, மொட்டை மாடியில ரெண்டு மூங்கிலுக்கு நடுவுல கட்டின கம்பி, அதுல முந்நூறு நானூறு கிலோமீட்டர் தாண்டி ஒருத்தர் இவர் பேரைச் சொல்றார். அவர் மூஞ்சியை நீங்க பார்த்திருக்கணும்.

மூணாவது ரவுண்டுல நெட்டை நடத்துற பெரியவர் சொன்னார்: "ஓஎம், உங்க ஃப்ரீக்வென்ஸி ஓடுது. நூறு நூத்தைம்பது ஹெர்ட்ஸ் நகர்ந்துட்டீங்க. இந்த மாதிரி விளையாட்டு சாமானை வச்சுக்கிட்டு நெட்டுக்குள்ள வராதீங்க. காசு சேர்த்து ஒரு நல்ல ரேடியோ வாங்கிட்டு வாங்க."

அண்ணன் மைக்கைக் கீழே வச்சார். "செவன்ட்டி த்ரீ" கூடச் சொல்லல. (ஹாம் பாஷையில வணக்கம் சொல்லி விடைபெறுறது அது.) என்னைப் பார்த்து, "அவரு சொல்றது சரிதானே தம்பி, ஓடத்தானே செய்யுது"ன்னார். அதுதான் எனக்கு இன்னும் அறுக்குது. திட்டு வாங்கினவருக்குத் தப்பு எதுன்னு தெரிஞ்சிருந்துச்சு. திட்டினவருக்குத் தெரியல.

சண்டைக்கு முன்னாடி நியாயத்தைப் பேசிருவோம். ரேடியோ ஓடுச்சு, உண்மைதான். நாங்க பேசுறது எஸ்எஸ்பி. சாதாரண வானொலியில ஒலியோட கேரியர் அலையும் சேர்ந்து வரும். அதனால உங்க ரேடியோ கொஞ்சம் தள்ளி இருந்தாலும் பாட்டு பாட்டாவேதான் கேக்கும். எஸ்எஸ்பி-ல அந்தக் கேரியரைக் கழட்டிட்டு அனுப்புறோம், பவர் மிச்சம். கேக்குறவரோட ரேடியோதான் அந்தக் கேரியரை உள்ளேயே உண்டாக்கிச் சேர்க்கணும். அது நூறு ஹெர்ட்ஸ் தள்ளியிருந்தா குரல் ஒண்ணு கட்டைக்குரல் ஆகும், இல்ல கார்ட்டூன் வாத்து மாதிரி ஆகும். ஐம்பது ஹெர்ட்ஸ் தள்ளியிருந்தா பெரும்பாலானவங்க கண்டுக்க மாட்டாங்க. அஞ்சு நிமிஷத்துல ஐந்நூறு ஹெர்ட்ஸ் ஓடினா பக்கத்துல பேசிக்கிட்டு இருக்குறவன் மடியில போய் உட்காருவோம், அது அடுத்தவனுக்கு இடைஞ்சல். இதையெல்லாம் நான் மறுக்கல.

ஏன் ஓடுது? அலைவரிசையை முடிவு பண்றது ஒரு காயிலும் ஒரு கப்பாசிட்டரும். சூடு ஏறினா காயில் கம்பி நீளும், கப்பாசிட்டரோட மதிப்பு மாறும். கப்பாசிட்டர் பத்து லட்சத்துல ரெண்டு பங்கு மாறினா அலைவரிசை ஒரு பங்கு மாறும். நல்ல ஜாதி செராமிக் கப்பாசிட்டர், என்பிஓ-ன்னு சொல்றது, டிகிரிக்கு அதிகபட்சம் 30 பங்கு மாறலாம். பத்து டிகிரி சூடு ஏறினா 300 பங்கு, அலைவரிசைக்கு 150. அண்ணன் ரேடியோவுக்குள்ள இருக்குற ஆசிலேட்டர் மூணு மெகாஹெர்ட்ஸ் சுமாருக்கு ஓடுறது. ஆக நானூத்தைம்பது ஹெர்ட்ஸ். இது நல்ல கப்பாசிட்டர் போட்டா! கடைக்காரன் கொடுத்த மஞ்சள் பட்டாணியைப் போட்டா கணக்கே கிடையாது.

இதுல எங்க ஊர்ப் பிரச்சனை ஒண்ணு தனியா இருக்கு. ஒரு பக்கம் மேகமலை, இன்னொரு பக்கம் குமுளி மலை, நடுவுல பள்ளத்தாக்கு. ஆனியில ஆரம்பிக்கிற காத்து ஆவணி வரைக்கும் விடாது. ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு சும்மா சொல்லல, ஆண்டிபட்டிப் பக்கம் காத்தாலைகளை வரிசையா நட்டு வச்சிருக்கிறதும் சும்மா இல்ல. அண்ணன் முதல்ல ரேடியோவை மூடியில்லாத அட்டைப்பெட்டியில வச்சிருந்தார். ஜன்னல் வழியா காத்து காயில் மேல அடிச்சா அலைவரிசை ஒரு பக்கம் போகும், நின்னா திரும்பி வரும். ஃபேனைப் போட்டா இன்னொரு ராகம். ஒரு காயிலை வச்சே காத்தோட வேகத்தை அளந்திருக்கலாம்.

திட்டு வாங்கின அன்னிக்கு ராத்திரி அண்ணன் தூங்கல. என் ரேடியோவை இரவல் வாங்கிக்கிட்டுப் போனார். அவர் ஆசிலேட்டரோட சத்தத்தை அதுல விசிலா கேட்டுக்கிட்டே, சால்டரிங் அயர்னை ஒவ்வொரு கப்பாசிட்டர் பக்கத்துலயும் கொண்டுபோய்க் காட்டினார். தொடாம, சூடு மட்டும். எந்தக் கப்பாசிட்டருக்குப் பக்கத்துல போறப்ப விசில் அலறுதோ அவன்தான் திருடன். ரெண்டு திருடனைப் பிடிச்சுக் கழட்டினார். காயில் மேல மெழுகுவர்த்தியை உருக்கி ஊத்தினார், கம்பி அசையாம இருக்க. ஆசிலேட்டரை மட்டும் தகர டப்பாவுக்குள்ள வச்சு, டிவி பேக்கிங்ல வர்ற தெர்மகோலைச் சுத்தி ஒட்டினார். அதுக்கு மட்டும் தனியா ஒரு வோல்டேஜ் ரெகுலேட்டர். கடைசியா ஒரு வேலை பண்ணினார், அதைச் சொன்னாதான் உங்களுக்குப் புரியும். இவர் காயில் சூடானா அலைவரிசை கீழே போகும். பழைய ரேடியோவுல இருக்குற கண்ணாடி மாதிரி பாலிஸ்டைரீன் கப்பாசிட்டர் சூடானா மதிப்பு குறையும், அதாவது அலைவரிசை மேலே போகும். ரெண்டையும் பொருத்தமான அளவுல சேர்த்துட்டா ஒண்ணை ஒண்ணு அடிச்சுரும். முள்ளை முள்ளால எடுக்குறது. உடைச்ச டேப்ரிக்கார்டர்லேர்ந்து ஒவ்வொண்ணா எடுத்துப் போட்டு, ஒன்பது நாள் செலவழிச்சு, இருபது நிமிஷம் சூடேறினதுக்கு அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு அறுபது ஹெர்ட்ஸுக்குள்ள கொண்டுவந்தார். பென்சில்ல சுவத்துல எழுதி வச்சிருக்கார்: மணி, டிகிரி, ஹெர்ட்ஸ். நான் நாலு வருஷம் படிச்ச இஞ்சினியரிங்ல எங்க லேப்ல ஒருத்தனும் இதைச் செஞ்சதில்லை, நான் உட்பட. ரெக்கார்டு நோட்டை சீனியர்கிட்ட வாங்கிக் காப்பி அடிச்சோம்.

இனிமே வம்பு.

'நல்ல ரேடியோ வாங்கிட்டு வாங்க'ன்னு சொன்னாரே, அந்த நல்ல ரேடியோ எவ்வளவு நல்லதுன்னு கையேட்டைப் புரட்டிப் பார்த்தீங்களா? நம்ம நாட்டு ஹாம்கள் மேசையில ரொம்ப காலமா இருந்த ஐகாம் 718-ஐ எடுத்துக்கோங்க. உறுதியான, நல்ல ரேடியோ, குறை சொல்லல. அதோட விவரப் பக்கத்துல நிறுவனமே எழுதியிருக்கு: ஸ்விட்ச் போட்ட முதல் நிமிஷத்துலேர்ந்து அறுபதாவது நிமிஷம் வரைக்கும் 200 ஹெர்ட்ஸ் வரை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போகலாம். அதுக்கு அப்புறம் 25 டிகிரி அறையில மணிக்கு 30 ஹெர்ட்ஸ். பூஜ்யம் டிகிரியிலேர்ந்து 50 டிகிரி வரைக்கும் போனா 350. இதுக்கு மேல துல்லியம் வேணும்னா தனியா ஒரு கிரிஸ்டல் விக்கிறோம், வாங்கிப் போட்டுக்கோங்கன்னாங்க. ஆக, அண்ணன் குழாய் வாஷர்ல 150 ஹெர்ட்ஸ் ஓடினா விளையாட்டுச் சாமான், ஜப்பான்காரன் 200 போகலாம்னு அச்சடிச்சுக் கொடுத்தா நல்ல ரேடியோ!

உடனே "நான் வச்சிருக்கிறது புதுசு, 7300"ன்னு வராதீங்க. தெரியும். அது பாதி பிபிஎம், அதாவது பத்து லட்சத்துல அரைப் பங்கு. 7.1 மெகாஹெர்ட்ஸ்ல மூணரை ஹெர்ட்ஸ். அருமையான ரேடியோ. அது உங்க கைத்திறமையா? உங்க பர்ஸோட திறமை. என் பர்ஸோட திறமையும்தான், நானும் அந்தக் கும்பல்ல ஒருத்தன்.

இந்த ஆட்கள் எல்லாருக்கும் ஒரே வியாதி. டிஸ்பிளேல வர்ற நம்பரை நம்புறது. 7.085.37-ன்னு பச்சையா எரிஞ்சா அது வேதவாக்கு. நிலையா நிக்கிறது வேற, சரியா இருக்கிறது வேற, நிறைய இலக்கம் காட்டுறது வேற. எங்க வீட்டு ஹால் கடிகாரம் பத்து நிமிஷம் ஃபாஸ்ட். அப்பா பஸ் பிடிக்கிறதுக்காக வச்சது. வருஷக்கணக்கா அதே பத்து நிமிஷம், ஒரு நிமிஷம் கூடல குறையல. நிலையா நிக்குது, ஆனா தப்பு. அதுல செகண்டு முள் வேற இருக்கு. செகண்டு முள் இருக்குறதால மணி சரின்னு சொல்ற ஆளை என்ன சொல்வீங்க? ஹெர்ட்ஸ் வரைக்கும் காட்டுதே, என் ரேடியோ சரின்னு சொல்ற ஹாமையும் அதையே சொல்லுங்க.

சரியா இருக்கான்னு பார்க்க அளக்கணும். அளக்குறதுக்கு அளவுகோல் வேணும். நம்ம டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் முன்னாடி ஏடிஏ-ங்கிற பேர்ல 10 மெகாஹெர்ட்ஸ்ல நேரமும் அலைவரிசையும் ஒலிபரப்பிச்சு. அது நின்னுபோச்சு. ஆனா சாயங்காலம் ஏழு மணிக்கு மேல உத்தமபாளையத்துல 10 மெகாஹெர்ட்ஸ் வச்சுப் பாருங்க, டிக் டிக்னு கேக்கும். சீனாவோட பிபிஎம் நிலையம். (மேல சொன்ன பத்து லட்சத்துப் பங்குக்கும் இதே பேருதான் வாயில வருது, குழப்பிக்காதீங்க. இனிமே அதைப் பங்குன்னே சொல்றேன்.) அணுக்கடிகாரத்துலேர்ந்து வர்ற அலை அது. நடுநடுவுல ஒரு அம்மா சீனத்துல ஏதோ அறிவிப்பாங்க, பயப்படாதீங்க. ரேடியோவை யுஎஸ்பி முறையில 9.999.000-ல வைங்க. உங்க ரேடியோ சரின்னா சரியா 1000 ஹெர்ட்ஸ் விசில் கேக்கும். போன்ல ஸ்பெக்ட்ரம் காட்டுற ஓசி ஆப் ஒண்ணு போட்டு விசிலை அளங்க. பத்து ஹெர்ட்ஸ் வித்தியாசம்னா ஒரு பங்கு தப்பு. அயனிமண்டலம் ஆடுறதால ஒரு ஹெர்ட்ஸ் அப்படி இப்படி இருக்கும், விட்டுருங்க. செலவு பைசா கிடையாது.

நான் அளந்தேன். என் ஜப்பான் ரேடியோ 38 ஹெர்ட்ஸ் தப்பு. அஞ்சு வருஷமா அந்த டிஸ்பிளேயைப் பார்த்துத்தான் அடுத்தவனுக்கு "நீங்க தள்ளி இருக்கீங்க"ன்னு நானும் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன். அவ்வ்வ்வ்! தெரிஞ்ச நாலு நண்பர்களை அளக்கச் சொன்னேன். ஒருத்தர்து ஏறக்குறைய சரி. ஒருத்தர்து 110 தப்பு. ஒருத்தர், "எதுக்குப்பா, கம்பெனியில அளந்துதானே அனுப்பியிருப்பான்"னு மறுத்துட்டார். நாலாமவர் இன்னும் பதில் சொல்லல. இத்தனைக்கும் நாம எழுதின பரீட்சையில அலைவரிசை அளக்குறதுக்குன்னே பாடப்பகுதி இருக்கு. மனப்பாடம் பண்ணிட்டு அன்னிக்கே மறந்தாச்சு.

துல்லியம் தேவையே இல்லைன்னு நான் சொல்றதா நினைச்சுச் சிலர் கிளம்புவாங்க. தேவைதான், எங்கேன்னு தெரிஞ்சு கேளுங்க. இந்தியாவுல நமக்குக் கொடுத்தது 7.000-லேர்ந்து 7.200 வரைக்கும். எல்எஸ்பி-ல டிஸ்பிளே 7.001 காட்டுறப்ப பேசினா குரலோட முக்கால்வாசி 7.000-க்குக் கீழே போய் எல்லையைத் தாண்டிரும். அங்க பேசுற 'நல்ல ரேடியோ' ஆட்களை நான் கேட்டிருக்கேன், அவங்களை யாரும் விரட்டல. 2017-ல வந்த எஃப்டி8 முறையில ஒரு சுருதிக்கும் அடுத்த சுருதிக்கும் நடுவுல 6.25 ஹெர்ட்ஸ்தான் இடைவெளி. அங்க வாஷர் காயிலோட போனா செல்லாது, அண்ணனுக்கும் தெரியும். 2018-ல ஏவின கத்தார் சேட்டிலைட்ல ஹாம்களுக்கு ஒரு டிரான்ஸ்பாண்டர் இருக்கு, நம்ம ஊர்லேர்ந்து மேற்கால டிஷ்ஷைத் திருப்பினா கேக்கலாம். அது 10 கிகாஹெர்ட்ஸ். அங்க ஒரு பங்கு தப்புன்னா பத்தாயிரம் ஹெர்ட்ஸ், மொத்தப் பேச்சும் காணாமப் போயிரும். இன்னும் மேலே போனா நம்ம நாவிக் சேட்டிலைட் கதை. முதல் சேட்டிலைட்ல வெளிநாட்டுலேர்ந்து வாங்கின ரூபிடியம் கடிகாரம் மூணும் 2016-ல பழுதாகி, அதை வச்சு இடம் சொல்ல முடியாமப் போச்சு. அப்புறம் அகமதாபாத்துல இஸ்ரோ ஆட்களே கடிகாரம் செஞ்சு 2023 மே மாசம் என்விஎஸ்-01-ல வச்சு அனுப்பினாங்க. காசு கொடுத்து வாங்கினது கழுத்தறுத்துச்சு, சொந்தமாக் கட்டக் கத்துக்கிட்டாங்க. அவங்களுக்கும் முதல் கடிகாரம் முதல் நாளே சரியா ஓடியிருக்கும்னு நினைக்கிறீங்க?

ஞாயித்துக்கிழமை காலையில சாப்பாடு ஆச்சா, மழை உண்டான்னு பேசுற எஸ்எஸ்பி நெட்டுக்கு இந்தத் துல்லியம் எதுக்கு? ஒவ்வொரு ரேடியோவுலயும் ஆர்ஐடின்னு ஒரு குமிழ் இருக்கு. நீங்க அனுப்புற அலைவரிசையை மாத்தாம, கேக்குறதை மட்டும் நகர்த்துறதுக்கு. அந்தக் குமிழைக் கண்டுபிடிச்சதே எதிர்ல இருக்குறவன் ரேடியோ ஓடும்ங்கிறதுக்காகத்தான். எங்க தாத்தா சாய்வு நாற்காலியிலேர்ந்து எந்திரிச்சுப் போய்த் திருப்பினார். பெரியவருக்குக் கைக்கெட்டுற தூரத்துல இருந்துச்சு.

நான் செஞ்ச ஒரு தப்பையும் சொல்லணும். திட்டு விழுந்த மறுநாள், அண்ணன் சால்டரிங் அயர்னோட உட்கார்ந்திருக்கிறப்ப, நான் பெரிய மேதாவியா போய் நின்னேன். "எதுக்குண்ணே இந்த வம்பு? எஸ்ஐ5351-னு ஒரு சிப் இருக்கு, ஆர்டுயினோவோட சேர்த்தா டிஜிட்டலா நிக்கும், கோடு நான் எழுதித் தர்றேன்." ஃபர்ஹானே 2017-ல பிட்எக்ஸ்40-க்கு அதைத்தான் சேர்த்தார்னு ஆதாரம் வேற காட்டினேன். ஒரு சனிக்கிழமையில மாட்டியாச்சு. பாறை மாதிரி நின்னுச்சு. பத்து நிமிஷத்துல எல்லாம் முடிஞ்சு போச்சு, அண்ணன் முகத்துல ஒண்ணுமே இல்ல. டிஸ்பிளேயைப் பார்த்தார், தலையாட்டினார். ரெண்டு நாள் கழிச்சு போன் பண்ணினார்: "தம்பி, சீனாக்காரன வச்சுப் பார்த்தேன். உன் சிப்பு 24 பங்கு தள்ளியிருக்கு. நிக்குது, தப்பான இடத்துல நிக்குது." மலிவு கிரிஸ்டல், யாரும் அளந்து பார்க்கல. கோடுல ஒரு எண்ணை மாத்தினா சரியாயிரும், மாத்திக் கொடுத்தேன். ஆனா கண்டுபிடிச்சது அவர். பிபிஎம் வச்சு அளக்குறதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான், மேல நானே கண்டுபிடிச்ச மாதிரி எழுதினதுக்கு மன்னிக்கணும். சிப்பை இன்னமும் ஒரு சுவிட்ச்ல வச்சிருக்கார், எஃப்டி8-க்கு. பேசுறதுக்கு வாஷர்தான்.

சிப்பு கூடாதுன்னு இல்ல. ஓடுறதைத் தேடிப் பிடிச்சவனுக்கு அந்தச் சிப்பும் அடங்கும். வாங்கி மாட்டினவனுக்கு அது கடவுள். இந்தப் பொழுதுபோக்கோட பெருமைக்கு நாம மேடையில சொல்றது என்ன? 2004 டிசம்பர்ல அந்தமான்ல சுனாமி அடிச்சப்ப, வேற வேலையா அங்கே போயிருந்த பாரதி பிரசாத் குழுவோட ரேடியோதான் போர்ட் பிளேயர்லேர்ந்து சேதி கொண்டுவந்துச்சுன்னு சொல்வோம். 2018 கேரளா வெள்ளத்தைச் சொல்வோம். அந்தப் பெருமையைப் பேசுற அதே வாய், கைவசம் இருக்குற சாமானை வச்சு ரேடியோ கட்டத் தெரிஞ்ச ஒரே ஆளை எங்க தாலுகாவிலேர்ந்து விரட்டுது. எங்க பள்ளத்தாக்கு சுத்தி மலை. 2018 மார்ச்சுல குரங்கணியில தீ பிடிச்சப்ப இருபது பேருக்கு மேல போனாங்க. அந்த மலைக்குள்ள பல இடத்துல செல்போன் இன்னிக்கும் ஊமை. நாளைக்கு அங்க ஏதாவது ஆனா, பேட்டரியும் கம்பியும் உடைஞ்ச டேப்ரிக்கார்டரும் கொடுத்தா ரேடியோ ஆக்குற ஆளு வேணுமா, ஆன்லைன்ல ஆர்டர் போட்டுட்டு டெலிவரிக்குக் காத்திருக்குற நான் வேணுமா?

பெரியவருக்கு இது போய்ச் சேரும்னு தெரியும், நம்ம வட்டம் சின்னது. அவர் மேல தனிப்பட்ட கோபம் இல்ல. அவர் ஒருத்தர் சொன்னதை நாப்பது பேர் கேட்டுக்கிட்டு சும்மா இருந்தீங்களே, அந்த நாப்பது பேர் மேலதான் கோபம். அதுல நானும் ஒருத்தன். மைக்கு பக்கத்துலயே இருந்தும் எடுத்துப் பேசாதவன்.

அண்ணன் ரெண்டு மாசமா அந்த நெட்டுல கூப்பிடல. கேக்குறதோட சரி. போன வாரம் போயிருந்தப்ப சுவத்துல புது வரிசை ஒண்ணு பென்சில்ல ஏறியிருந்துச்சு, காத்து நாள் கணக்கு. தகர டப்பாவுக்கு ரெண்டாவது சுத்து தெர்மகோல் போட்டிருக்கார். கெஞ்சிக் கூத்தாடி ஒத்துக்க வச்சிருக்கேன். வர்ற ஞாயித்துக்கிழமை காலையில ஏழரை மணிக்கு 7 மெகாஹெர்ட்ஸ்ல கூப்பிடுவார். ஏழு மணிக்கே ஸ்விட்ச் போட்டு சூடேத்திருவார். இருந்தாலும் ஆடி மாசம், கொஞ்சம் ஓடும். சனிக்கிழமை ராத்திரியே உங்க ரேடியோவுல ஆர்ஐடி குமிழ் எங்க இருக்குன்னு தேடி வச்சுக்கோங்க.